பனைமரம் அழ வேண்டாம்

கேள்வி: முள்ளிவாய்க்கால் மண்ணைப் பற்றி நான் அனுப்பிய கவிதையைத் திருப்பிவிட்டீர்கள். சிங்கப்பூரில் பிறந்தவன் அதை எழுதக்கூடாதா?
- ஈசூன் வாசகர்

பதில்: யார் சொன்னது? தாராளமாக எழுதுங்கள். நாங்கள் உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்க்கவில்லை, கவிதையைத்தான் பார்த்தோம். இருபத்திரண்டு வரியில் ரத்தம் ஏழு தடவை வருகிறது, பனைமரம் மூன்று தடவை அழுகிறது. ஊர்ப் பெயரை அடித்துவிட்டு காசா என்று போட்டாலும் கவிதை அசையாமல் நிற்கும், பனையை வெட்டி ஒலிவ மரம் நட்டால் போதும். அப்புறம் அது எந்த மண்ணின் கவிதை?

2009 மே மாதம், ஈழப்போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் நந்திக்கடல் என்ற களப்புக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் ஒரு மணல் துண்டில் சனங்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். பங்கர் வெட்டினால் மணல் சரியும், அணைகட்டச் சாக்கு கிடையாது, அதனால் சேலைகளைப் பையாகத் தைத்து மணல் அள்ளிப் போட்டு அடுக்கினார்கள், பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த கூறைச்சேலை உட்பட. சண்டை ஓய்ந்தபிறகு அந்தச் சேலைகள் மணலில் பாதி புதைந்து வெளுத்துக் கிடந்தன. அதில் ஒன்று உங்கள் கவிதையில் இருந்திருந்தால் பனைமரத்தை அழவைத்திருக்க மாட்டீர்கள்.

மூவேந்தரும் சேர்ந்து பறம்பு மலையைப் பிடித்த பிறகு பாரி மகளிர் பாடியது ஐந்தே அடி. புறநானூற்றில் 112ஆம் பாட்டு, எடுத்துப் பாருங்கள். பிணம் இல்லை, ஒப்பாரி இல்லை. போன மாதத்து நிலா, இந்த மாதத்து நிலா, கைமாறிப்போன ஒரு குன்று, அப்பா இல்லை. அவ்வளவுதான்.

‘நான் அங்கே போனதில்லையே’ என்பீர்கள். சரி, சாங்கி கடற்கரைக்குப் போயிருப்பீர்கள் அல்லவா? 1942 பிப்ரவரி 20 அன்று அங்கே தண்ணீர் ஓரமாக நிறுத்தி 66 ஆண்களை ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். இப்போது கூடாரம் போட்டுக் கோழி வாட்டுகிறோம், நானும்தான். சிக்லாப் பக்கம் 1962இல் ஜப்பானியர் கொன்றவர்களின் புதைகுழிகளைக் கண்டுபிடித்தார்கள், இன்று அங்கே வீடு வாங்க நம் சம்பளம் ஏழு தலைமுறைக்கும் போதாது. நீங்கள் நேரில் பார்த்த இந்த மணலை முதலில் எழுதுங்கள், கை பழகட்டும், அப்புறம் நந்திக்கடலுக்குப் போகலாம்.

அடுத்த இதழில் அரைப்பக்கம் உங்களுக்காக வைத்திருக்கிறேன். பதினைந்து வரி, அதற்கு மேல் வேண்டாம். தலைப்பிலும் ரத்தம் கூடாது.