வாசகர் கேள்விகள்: பெரியாரும் ஒற்றைச் செருப்பும்

கேள்வி: கடலூரில் பெரியார் மீது செருப்பு வீசினார்களாமே, நிஜமா? தாத்தா ஒரு விதமாகச் சொல்கிறார், மேடைப் பேச்சாளர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள்.
- ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: நிஜம்தான். 1944-ல் நடந்தது. ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவர் மேல் ஒரு செருப்பு வந்து விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் வண்டியைத் திருப்பச் சொன்னார், கூட இருந்தவர்களுக்குப் பதற்றம், திரும்பி அதே இடத்துக்கு வந்தால் இன்னொரு செருப்பும் விழுகிறது, ரெண்டையும் எடுத்து வைத்துக்கொண்டார். ஒற்றைச் செருப்பு எறிந்தவனுக்கும் உதவாது, நமக்கும் உதவாது என்பதுதான் காரணமாம். செருப்பு விழுந்த ஊரிலேயே 1972-ல், கருணாநிதி முதல்வராக இருந்தபோது, பெரியாருக்குச் சிலையும் வந்துவிட்டது.

இதை வீரக்கதையாகச் சொல்வார்கள். எனக்கு என்னவோ மண்டிக்காரர் கதையாகத்தான் படுகிறது. சின்ன வயசிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஈரோட்டில் அப்பாவின் மண்டியில் உட்கார்ந்தவர் அவர். வியாபாரிக்குக் கோபம் வருவதற்கு முன்னால் ‘ஜோடி எங்கே’ என்றுதான் புத்தி போகும். அவமானப்படுத்த வந்தவனிடம் இப்படிக் கணக்குப் பார்த்தால் அவன்தான் என்ன செய்வான், பாவம். போன மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் என் செருப்பில் ஒன்றை அலை இழுத்துக்கொண்டு போனது. நான் ஆத்திரத்தில் மிச்சத்தையும் கடலுக்குள் வீசிவிட்டு, சுடுமணலில் குதித்துக் குதித்து வந்து சேர்ந்தேன்.

கேள்வி: பெரியார் மகா கஞ்சன் என்கிறார்களே?
- ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: காசு விஷயத்தில் கெட்டிதான், மறுக்க முடியாது. கையெழுத்துப் போடக் காசு, கூட நின்று படம் எடுத்துக்கொள்ளக் காசு, குழந்தைக்குப் பேர் வைக்கக் காசு. தொண்டர்களே கேலி பேசியிருப்பார்கள். சரி, அந்தக் காசு எங்கே போனது என்றும் பாருங்கள். இயக்கத்துக்குப் போனது, திருச்சியில் அரசுக் கல்லூரி தொடங்க லட்சக்கணக்கில் போனது. அதே மனிதர்தான் காங்கிரஸில் இருந்த காலத்தில், கள்ளு வேண்டாம் என்பதற்காகத் தன் தோப்பிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். காய்க்கிற தென்னையில் கோடரி வைக்க எந்தக் கஞ்சனுக்கு மனசு வரும்? தேவைக்கு மேல் ஒரு பைசா தர மாட்டார், தேவை என்று பட்டுவிட்டால் தோப்பே போனாலும் கவலையில்லை, அவ்வளவுதான் அவர் கணக்கு.

கேள்வி: ராஜாஜியும் அவரும் எதிரிகளா, நண்பர்களா?
- ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ரெண்டும்தான். ராஜாஜி ஆட்சியில்தான் இந்தி எதிர்ப்புக்காக இவர் ஜெயிலுக்குப் போனார். அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகக் கிளம்பியவரும் இவர்தான். ஆனால் 1949-ல் மணியம்மையைத் திருமணம் செய்துகொள்ளும் முன் திருவண்ணாமலையில் அந்த ராஜாஜியைத்தான் போய்ப் பார்த்தார். 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி இறந்தபோது 93 வயதில் சக்கர நாற்காலியில் மயானம் வரை வந்து அழுதார். மறு வருஷம் டிசம்பர் 24-ல் இவரும் போய்விட்டார். அதற்கு 5 நாள் முன்னால்கூட, மூத்திரப் பையைச் சுமந்துகொண்டு சென்னை தியாகராய நகரில் மேடையேறிப் பேசினார்.