சென்னை–சிங்கப்பூர்: டிக்கெட்டில் ஏழு மணி நேரம், பயணம் நாலேகால்

கேள்வி: 68 வயதான அம்மா முதல்முறையாகத் தனியாகச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வருகிறார். இரவு 11.15-க்குப் புறப்பாடு, காலை 6.05-க்கு வருகை என்கிறது டிக்கெட். திரும்பும்போது இரவு 8.20-க்குக் கிளம்பி 10 மணிக்கே சென்னை. தூரத்தை வேகத்தால் வகுத்தால் மூன்றரை மணி நேரம் வருகிறது. எது சரி? சர்க்கரை மாத்திரையை எப்போது போடச் சொல்வது?

பதில்: டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. வரும்போது தெரியும் 6 மணி 50 நிமிடத்தில் அதைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம். திரும்பும்போது தெரியும் 1 மணி 40 நிமிடத்தோடு கூட்டினால் 4 மணி 10 நிமிடம். (1982 வரை இந்த வித்தியாசம் இரண்டு மணிதான். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது.)

உங்கள் மூன்றரை மணிக் கணக்கும் தப்பில்லை, ஆனால் முழுசில்லை. நேர்வழியில் தூரம் சுமார் 2,900 கி.மீ.; வங்கக் கடலைக் குறுக்கே கடந்து, நிக்கோபார் பக்கமாக மலாக்கா நீரிணையை நோக்கி இறங்கும் பாதை. மணிக்கு 830 கி.மீ. என்பது உயரே நிலையாகப் பறக்கும்போது மட்டும் கிடைக்கும் வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது குறைவு. டிக்கெட் நேரமோ, விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் போய் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம்.

கிழக்கே போனால் சீக்கிரம் சேரலாம் என்று பொதுவாகச் சொல்வதை இந்தத் தடத்தில் நம்ப வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசும். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு அது எதிர்காற்று, சென்னை திரும்பும் விமானத்துக்குப் பின்காற்று.

பலரும் ஏமாறுவது நள்ளிரவுத் தேதியில்தான். டிக்கெட்டை மாற்றி 15-ஆம் தேதி 00.30 விமானம் கிடைத்தால், அம்மா 14-ஆம் தேதி இரவு 9.30-க்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். இப்போதைய 11.15 விமானத்துக்கு இரவு 8.15-க்குள் போய்விடட்டும். செக்-இன் கவுண்டரை வழக்கமாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். சிங்கப்பூரின் இணைய வருகை அட்டையை, வருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நீங்களே நிரப்பிவிடுங்கள், அது இலவசம். பணம் கேட்கும் தளமாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

விமானத்தில் சாப்பாடு வர நள்ளிரவு தாண்டிவிடும், மலிவு விமானங்களில் டிக்கெட்டோடு சாப்பாடே சேராமல் இருக்கலாம். அதனால் இரவுச் சாப்பாட்டையும் அதோடு போடும் மாத்திரையையும் கிளம்புமுன் முடித்துவிடுவது நல்லது. காலை மாத்திரையைச் சிங்கப்பூரில் காலை உணவோடு போடலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இன்சுலின் போடுபவரானால் கட்டாயம் கேட்க வேண்டும்; அன்றைய நாள் இரண்டரை மணி நேரம் குறைகிறது. இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெட்டிகளை ஏற்றும் விமானச் சரக்கறைக் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும்.

காலை 6.05-க்குச் சிங்கப்பூரில் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். அங்கே விடிய ஏழு மணி ஆகும். இதை அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். இமிக்ரேஷன் முடித்து, பெட்டி எடுத்து வெளியே வர முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். ஆனாலும் நீங்கள் 6.15-க்கே, சரியான டெர்மினலின் வருகை வாசலில் நில்லுங்கள்.