டிப்பர் பாடி எழும்பவில்லையா? ஜாக்கியைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

வாசகர் கேள்வி பதில்

கே: கிணத்துக்கடவு குவாரியில் இருந்து பாலக்காட்டுக்கு ஜல்லி ஓட்டுகிறோம். காலி வண்டியில் பாடி முழுசாகத் தூக்குகிறது. லோடோடு ஒரு அடிகூட எழும்புவதில்லை. பாடியைத் தூக்கும் ஜாக்கியின் சீல் போய்விட்டது, கழற்ற வேண்டும் என்கிறார்கள் பட்டறையில். ஜாக்கி எப்படி வேலை செய்கிறது, எதை முதலில் பார்ப்பது? (கிணத்துக்கடவு வாசகர்)

ப: ஜாக்கியைக் கடைசியில் பாருங்கள். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள பி.டி.ஓ. (பவர் டேக்-ஆஃப்), எஞ்சின் சுழற்சியை கியர் பம்புக்குக் கொடுக்கிறது. பம்ப் டேங்கில் இருந்து ஆயிலை இழுத்து, கன்ட்ரோல் வால்வு வழியாக ஜாக்கிக்குத் தள்ளுகிறது. ஜாக்கிக்குள் மூன்று நான்கு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருக்கும். பெரிய குழாய்தான் முதலில் எழும்பும். பாடி கிடைநிலையில் இருக்கும்போதுதான் பாரம் அதிகம். சாயச் சாய எடை பின்பக்கக் கீல் பின்னை (பாடி சாயும் அச்சு) நோக்கி நகர்வதால், கடைசியில் வரும் சிறிய குழாய் தாக்குப்பிடிக்கிறது.

கணக்கையும் பாருங்கள். 15 செ.மீ. விட்டமுள்ள குழாயின் பரப்பு சுமார் 177 சதுர செ.மீ. அழுத்தம் 150 பார் இருந்தால் 27 டன் வரை தள்ளும். அதே குழாயில் 60 பார்தான் ஏறுகிறது என்றால் 11 டன்கூடத் தேறாது. காலி பாடிக்கு அது போதும், ஜல்லி லோடுக்குப் போதாது. உங்கள் வண்டியின் கோளாறு இந்த வகையாக இருக்கலாம். சீல் போயிருந்தால் குழாய் ஓரமாக ஆயில் வெளியே வழிந்திருக்கும். இவ்வகை ஜாக்கிகளில் பெரும்பாலானவற்றில் ஆயில் ஒரு பக்கம் மட்டுமே தள்ளும். இறங்குவது பாடியின் சொந்த எடையால். ஆகவே சீல் கசிவு உள்ளுக்குள் ஒளிந்துகொள்ள இடமில்லை. குழாய் காய்ந்து கிடக்கிறது என்றால் கழற்றச் சொன்னவரிடம் காரணம் கேளுங்கள்.

பம்பில் இருந்து வால்வுக்குப் போகும் லைனில் 250 பார் கேஜ் மாட்டி, லோடோடு தூக்கிப் பாருங்கள். தயாரிப்பாளர் குறித்த அழுத்தம் வரை முள் ஏறியும் பாடி அசையவில்லை என்றால் லோடு அதிகம், இல்லை முன்பக்கம் குவிந்திருக்கிறது, இல்லை பின்பக்கக் கீல் பின்னும் புஷ்ஷும் கிரீஸ் இல்லாமல் இறுகிவிட்டன. முள் அந்த அளவுக்கு ஏறவே இல்லை என்றால் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடுவது) அல்லது பம்ப். காலையில் முதல் லோடை ஒழுங்காகத் தூக்கி, மத்தியானம் ஆயில் சூடானதும் திணறினால் பம்ப் தேய்ந்துவிட்டது. சூட்டில் ஆயில் இளகி, தேய்ந்த பற்களின் இடுக்கு வழியாக நழுவுகிறது. எந்நேரமும் ஒரே மாதிரி திணறினால் ரிலீஃப் வால்வின் இருக்கையில் தூசி, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. பம்ப் ஊளையிட்டால் உறிஞ்சும் ஹோஸ் உள்ளே சப்பையாகிறதா, டேங்க் சல்லடை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு பழக்கங்களை விட வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆயில் வேகமாகப் போகும், வலு அதிகமாகாது. ரிலீஃப் வால்வை இறுக்கித் தூக்க வைப்பது அதைவிட மோசம். ஹோஸ் வெடிக்கும், இல்லையேல் சேசிஸ் முறுக்கும்.

கே: லீவரை நடுவில் விட்டாலும் பாடி மெல்ல இறங்குகிறது. (மீனாட்சிபுரம் வாசகர்)

ப: வெளியே ஆயில் இல்லை என்றால் குற்றவாளி கன்ட்ரோல் வால்வு. ஸ்பூல் (வால்வுக்குள் நகர்ந்து ஆயிலைத் திருப்பும் தண்டு) தேய்ந்திருக்கும், அல்லது செக் வால்வில் (ஆயிலைத் திரும்ப விடாத வால்வு) மணல் சிக்கியிருக்கும். வால்வைக் கழற்றிக் கழுவினாலே பல வண்டிகளில் சரியாகிவிடும்.

அதற்கு முன் ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். தூக்கிய பாடிக்குக் கீழே போகிறவர் சேசிஸுக்கும் பாடிக்கும் இடையே இரும்பு முட்டு நிறுத்தாமல் தலையை நீட்டவே கூடாது. மரக்கட்டை வழுக்கும், ஜாக்கியை நம்ப முடியாது. ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவாதீர்கள். அந்த ஆயில் தோலைக் குத்தி உள்ளே ஏறும், பார்வைக்குச் சின்னப் புள்ளியாகத்தான் தெரியும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

கே: மழைக்காலத்தில் எம்-சாண்ட் முன்பக்கம் ஒட்டிக்கொள்கிறது. பாடியைத் தட்டித் தட்டி இறக்கலாமா? (வாளையார் வாசகர்)

ப: கூடாது. பின்பாதி கொட்டிவிட்டு முன்பாதி மேலே ஒட்டி நிற்கும்போது வண்டியின் பாரமெல்லாம் உச்சியில் இருக்கும். அப்போது லீவரை இழுத்து இழுத்து விட்டாலோ, வண்டியை உலுக்கினாலோ பக்கவாட்டில் சாயும். நிரவிய மண்ணும் வயல் ஓரமும் ஒரு பக்க டயரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாடியை மெதுவாக இறக்கி, ஒட்டியதை மண்வெட்டியால் தளர்த்திவிட்டு மறுபடி தூக்குங்கள். மட்டமான, கெட்டியான தரையைப் பார்த்து நிறுத்தி, பின் கதவின் கொக்கியைத் தூக்குவதற்கு முன்பே விடுவியுங்கள்.

மேலே மின்கம்பி இருந்தால் அங்கே தூக்க வேண்டாம். பாடி கம்பியில் பட்டுவிட்டால் டிரைவர் உள்ளேயே இருந்து, யாரையும் கிட்டே வரவிடாமல் மின்வாரியத்தை அழைக்கச் சொல்ல வேண்டும். தீப்பிடித்து இறங்கியே தீர வேண்டும் என்றால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்து வெளியே குதிக்க வேண்டும். பிறகு பாதங்களைத் தரையில் இருந்து எடுக்காமல் நகர வேண்டும்.

கே: பி.டி.ஓ.வை விடுவிக்காமல் ஓட்டினால் என்ன ஆகும்? (வேலந்தாவளம் வாசகர்)

ப: பம்ப் ரோட்டு வேகத்தில் சுற்றி, ஆயில் கொதித்து, பம்ப் இறுகிவிடும். லீவர் தவறிப் போய் பாடி எழும்பினால் பாலத்திலோ கம்பியிலோ மோதும். கொட்டி முடித்ததும் பாடியை இறக்கி, பி.டி.ஓ.வை விடுவித்து, பஸ்ஸரும் விளக்கும் அணைந்ததைப் பார்த்த பிறகுதான் நகர வேண்டும். பஸ்ஸர் கத்துகிறது என்று வயரைப் பிடுங்கிவிடும் வண்டிகள் உண்டு. அதை முதலாளிகளே தடுக்க வேண்டும்.

கே: எந்த ஆயில், எவ்வளவு? (கோபாலபுரம் வாசகர்)

ப: நம் பக்க வெயிலுக்குப் பொதுவாக 46 அல்லது 68 தர (ஆயிலின் தடிமனைக் குறிக்கும் எண்) ஹைட்ராலிக் ஆயில்; உங்கள் கையேட்டில் சொன்னதே முதலில். அளவை பாடி முழுசாக இறங்கிய பிறகே பாருங்கள். சராசரி 13 செ.மீ. விட்டமும் 3.5 மீட்டர் நீட்சியும் உள்ள ஜாக்கி 46 லிட்டரை உள்ளே வாங்கிக்கொள்ளும். தூக்கிய நிலையில் டேங்க் குறைவாகத் தெரிகிறது என்று ஊற்றினால், இறக்கும்போது அத்தனையும் வெளியே வழியும். ஆயில் பால் நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. மாற்றிவிட்டு டேங்க் மூடியையும் ப்ரீத்தரையும் (டேங்குக்குள் காற்று போய்வரும் துளை) பாருங்கள்.