'மட்டும்' என்ற சொல் – கடிதம்

அன்பின் ஐயா,

ஒரு இனத்துக்கு எதிராக மேடையில் பேசி வென்ற தலைவர்களைப் பற்றி அலுவலகத்தில் கதை வந்தால், நண்பர்கள் எல்லோரும் "அது வோட்டுக்காகச் சொன்னது, கதிரையில் இருந்ததும் ஆள் மாறிவிடுவார்" என்கிறார்கள். என் சித்தப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். இலங்கையில் '56இல் நடந்ததைப் பார் என்பார். ஆனால் அந்த ஆண்டு தேர்தலில் வென்று பிரதமரான பண்டாரநாயக்காவுக்குத் தமிழர்மேல் உள்ளூர வெறுப்பு இருக்கவில்லை என்றும் அவரேதான் சொல்கிறார். வெறுப்பு இல்லாதவர் ஏன் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தார்?

ர., ஸ்காபரோ

அன்பின் ர.,

சித்தப்பா சொன்ன இரண்டுமே சரி. உங்களுக்கு அவை முரணாகத் தெரிவதற்குக் காரணம், வாக்குறுதி தலைவருடைய சொத்து என்று நினைப்பதுதான். அது கேட்டவர்களுடைய சொத்து.

பண்டாரநாயக்கா ஒக்ஸ்போர்டில் படித்தவர். 1926இல் யாழ்ப்பாணத்துக்கே வந்து, இலங்கைக்குச் சமஷ்டி, அதாவது கூட்டாட்சிதான் பொருத்தம் என்று பேசியவர். (அன்றைக்கு எங்கள் தலைவர்களும் அதைப் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.) 1951இல் சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோதும் சிங்களம், தமிழ் இரண்டும் ஆட்சிமொழி என்பதே அவர் நிலைப்பாடு. 1955இல்தான் மாறினார். தேர்தல் மேடையில் அது 'சிங்களம் மட்டும், 24 மணி நேரத்தில்' என்றாகியது. யாழ்ப்பாணத்தில் இரு மொழிக்கும் சம அந்தஸ்து தருவதாகச் சொல்லியிருந்த அப்போதைய பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலையும் அதே பக்கம் தாவினார். பிந்திவிட்டார், சனம் நம்பவில்லை. அவருடைய ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 8 ஆசனம்.

சரி, வென்றாயிற்று. மெல்லத் தளர்த்திவிடலாம் என்றுதான் பண்டாரநாயக்காவும் எண்ணியிருக்க வேண்டும். சட்டமூலத்தின் முதல் வரைவில் தமிழுக்கும் ஓரளவு இடம் வைத்திருந்தார். விஷயம் வெளியே தெரிந்தது. எப். ஆர். ஜயசூரிய என்ற பல்கலைக்கழக விரிவுரையாளர் பாராளுமன்றக் கட்டடத்திலேயே உண்ணாவிரதம் இருந்தார். அந்தப் பிரிவுகள் காணாமற்போயின. 1956 ஜூன் 5ஆம் தேதி சட்டமூலம் சபைக்கு வந்தது. வெளியே காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினரைக் கும்பல் அடித்தது. அந்தக் கட்சி எம்.பி. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு சபைக்குள் போனார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 24 மணி நேரம் என்றாரே, அது என்ன ஆயிற்று என்று ஒருவரும் மணிக்கூட்டைப் பார்த்துக் கேட்கவில்லை. உடனே மாற்ற முடியாத இடங்களுக்குச் சட்டமே 1960 டிசம்பர் 31 வரை தவணை கொடுத்தது. அதைச் சனம் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமற்போனது தமிழுக்கு விட்ட அந்தச் சின்ன இடத்தைத்தான். சிங்களம் ஆட்சிமொழியாவதில் தமிழருக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை, தமிழும் கூட இருந்தால். ஆக, வோட்டு விழுந்தது 'சிங்களம்' என்ற சொல்லுக்கு அல்ல, 'மட்டும்' என்ற சொல்லுக்கு. கைவிட முடியாமல் இருந்ததும் அந்த 'மட்டும்' மட்டும்தான்.

மறுபடியும் முயன்று பார்த்தார். 1957 ஜூலை 26, தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு பண்டா–செல்வா ஒப்பந்தம்: பிராந்திய சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம். ஒன்பது மாதம்கூடத் தாங்கவில்லை. 1958 ஏப்ரல் 9ஆம் தேதி கொழும்பு ரொஸ்மீட் பிளேசில் அவர் வீட்டு வாசலில் பிக்குமார் வந்து குந்திவிட்டார்கள். ஒப்பந்தத்தைக் கைவிடுகிறேன் என்று வாயால் சொன்னது போதாது, எழுத்தில் தா என்றார்கள். எழுத்தில் போட்ட ஒப்பந்தத்தை முறிக்கிறேன் என்று எழுத்திலேயே கொடுத்தார். அடுத்த மாதம் தமிழருக்கு எதிரான கலவரம். அந்த ஆகஸ்டில் தமிழுக்கென்று ஒரு விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறியது. அதற்கான ஒழுங்குவிதிகள் வர 1966 ஆயிற்று.

உங்கள் நண்பர்கள் தலைவரின் மனதை ஆராய்கிறார்கள். நான் அவர் வீட்டு வாசலைப் பார்ப்பேன், அங்கே யார் குந்தியிருக்கிறார்கள் என்று.

அப்புறம், அந்த வாசல். 1959 செப்டம்பர் 25, அதே வீட்டு விறாந்தையில் தன்னைப் பார்க்க வந்திருந்த பிக்குவை வணங்கினார் பிரதமர். அந்த பிக்கு சுட்டார். மறுநாள் உயிர் போயிற்று. அந்தச் சதிக்காகத் தண்டனை பெற்றவர் களனி விகாராதிபதி புத்தரக்கித தேரர், 1956 தேர்தலில் பண்டாரநாயக்காவுக்காக ஓடி உழைத்த அதே ஆள். கொலைக்குக் காரணம் மொழி அல்ல, கைகூடாத வியாபாரம் என்பார்கள். அது வேறு கதை, இன்னொரு கடிதம் எழுதுங்கள்.