'ட்ரிக்கிள் டவுன்' யாருடைய கொள்கை? எல்லா வரிக்குறைப்புக்கும் அந்தப் பெயர் பொருந்துமா?

யாருடைய கொள்கையும் இல்லை. திட்டுகிறவர்கள் வைத்த பெயர் அது. "நான் ட்ரிக்கிள் டவுன் ஆள்" என்று மார்தட்டிய பொருளாதார நிபுணர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பணக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் வரியைக் குறைத்தால் முதலீடு பெருகும், அது கூலிக்காரன் வரை கசிந்து வரும் என்ற வாதத்துக்கான கேலிப்பெயர். நெல்லுக்குப் பாய்வது புல்லுக்கும் பொசியும் என்போமே, அதையே புல்லின் பக்கம் நின்று நக்கலாகச் சொன்னது போல.

1932இல் வில் ராஜர்ஸ் என்ற அமெரிக்க நகைச்சுவையாளர் அப்போதைய அதிபர் ஹூவரின் அரசைக் கிண்டலடித்து எழுதியதில்தான் இது பிரபலமானது. 1980களில் அதிபராக இருந்த ரீகன் காலத்து ஆதரவாளர்கள் இதையே 'சப்ளை சைடு' (உற்பத்தி செய்கிறவர்கள் பக்கத்தை ஊக்குவிப்பது) என்று கௌரவமாகச் சொன்னார்கள். அவர் காலத்து 1981 சட்டம் வருமான வரியின் உச்ச விகிதத்தை 70 சதவீதத்திலிருந்து 50க்கு இறக்கியது. 'ட்ரிக்கிள் டவுன்' என்று சொன்னால் விலைபோகாது, அதனால்தான் 'சப்ளை சைடு' என்ற பெயர் என்கிற மாதிரி ரீகனின் பட்ஜெட் இயக்குநர் ஸ்டாக்மனே அந்த ஆண்டு ஒரு பத்திரிகையாளரிடம் உளறிவிட்டார்!

அப்புறம், எல்லா வரிக்குறைப்புக்கும் இது பொருந்தாது. இங்கே மொரீசியஸில் வாட் (பொருள் வாங்கும்போது கட்டும் வரி) 15 சதவீதம். நாளைக்கே அதை 12 ஆக்கினால் சோப்பு வாங்குகிற எல்லோருக்கும் நேரடியாக லாபம். கசிய வேண்டிய வேலையே இல்லை. மேலே கொடுத்துவிட்டு, கீழே வரும் என்று காத்திருக்கச் சொன்னால் மட்டும் அந்தப் பெயர்.

2007இல் நிதியமைச்சர் ராமா சித்தனென் தனிநபர் வருமான வரியை ஒரே 15 சதவீதம் ஆக்கியபோதும் எங்கள் வீட்டு விருந்துகளில் இதே சண்டைதான். ஆனால் அவர் கூடவே நிறைய வரிவிலக்குகளையும் வெட்டினார். ஐரோப்பா எங்கள் சர்க்கரைக்குக் கொடுத்த விலையைக் குறைத்து, எங்கள் ஜவுளி ஏற்றுமதிக்கான சலுகையும் போன நேரம் அது. அதனால் வெறும் கசிவுக் கதை என்று ஒதுக்கிவிட மாட்டேன். 2023 ஜூலையில் மறுபடி படிப்படியாக 20 சதவீதம் வரை ஏறும் முறை வந்துவிட்டது.

ரோஸ் ஹில்லில் நான் கணக்கு எழுதிய ஒரு மளிகைக் கடை முதலாளிக்கு 2007இல் வரி நன்றாகவே குறைந்தது. அந்தப் பணத்தைப் போட்டுப் பழைய வேன் ஒன்று வாங்கினார். அதுவரை அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் இழுத்துக்கொண்டு போன பையனுக்கு இடுப்பு வலி குறைந்தது. சம்பளம் அதேதான்.