தண்ணீர் வடிந்த பிறகு: கப்பல் டாக் பற்றி வாசகர் கேள்விகள்

கப்பல் பழுதுபார்க்கும் டாக்கில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசி 19 ஆண்டுகள் டாக் மாஸ்டராக. உலர்துறை என்று எழுத்தில் சொல்வார்கள், வேலை செய்கிறவர்களுக்கு அது எப்போதும் டாக்தான். கப்பலின் அடிப்பக்கத்தைப் பற்றி வந்த கேள்விகளில் ஆறு இங்கே.

கேள்வி: அவ்வளவு பெரிய கப்பலை எந்த கிரேன் தூக்கி டாக்கில் வைக்கிறது? (ஏழாம் வகுப்பு மாணவர்)

தம்பி, கிரேன் எதுவும் தூக்குவதில்லை. டாக் என்பது கரையோரம் தோண்டிக் கட்டிய பெரிய தொட்டி. வாசலைத் திறந்தால் கடல் உள்ளே வரும், கப்பலும் மிதந்தபடியே உள்ளே வரும். வாசலை மூடித் தண்ணீரைப் பம்ப் போட்டு வெளியேற்றினால் கப்பல் மெல்ல இறங்கி, தரையில் வரிசையாக வைத்திருக்கும் கட்டைகளின் மேல் உட்காரும். பல டாக்குகளில் அந்த வாசல் கதவே மிதக்கும் இரும்புப் பெட்டிதான். அதற்குள் தண்ணீர் நிரப்பினால் மூழ்கி வாசலில் அமரும். தண்ணீரை எடுத்துவிட்டால் மிதக்கும், இழுத்துக்கொண்டு போய் ஓரமாகக் கட்டிவிடலாம். டாக் காலியானதும் வெளியே இருக்கும் கடலே அதைத் தள்ளி வாசலோடு இறுக்கிவிடும்.

கட்டைகளை அடுக்குவதுதான் என் வேலையில் பாதி. ஒவ்வொரு கப்பலுக்கும் டாக்கிங் பிளான் என்று ஒரு வரைபடம் உண்டு. தகட்டுக்கு உள்ளே வலுவான சட்டங்கள் எங்கே ஓடுகின்றன, எந்த இடத்தில் கட்டை படக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து, டாக் காய்ந்திருக்கும்போதே நடுவில் கீலுக்கு (கப்பலின் அடி நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்பு) ஒரு வரிசை, இரு பக்கமும் பக்கக் கட்டைகள் என்று அடுக்கி முடித்துவிட வேண்டும். அடியில் கான்கிரீட், அதன்மேல் கடின மரம், உச்சியில் மென்மரம். கப்பலின் அடி மேசைப்பலகை மாதிரிச் சமமாக இருக்காது. எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே அந்த மென்மரம் நசுங்கி இடம் கொடுக்கும்.

கப்பலின் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படிதான் உள்ளே கொண்டுவருவோம். அதனால் பின்பக்கம்தான் முதலில் கட்டையைத் தொடும். தொட்டதிலிருந்து கப்பல் முழுதாக மிதக்கவும் இல்லை, முழுதாக உட்காரவும் இல்லை. எடையில் ஒரு பங்கைக் கட்டை அடியிலிருந்து தாங்குகிறது. கப்பலின் அடிவயிற்றிலிருந்து அவ்வளவு எடையை உருவி எடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் அப்போது ஆகிறது: அடி லேசாகி, தலை கனத்துவிடுகிறது. முன்பக்கமும் இறங்கி, கீல் முழுவதும் கட்டையில் படிவதற்குச் சற்று முன்புதான் மிக மோசமான நேரம். சாய்வு எதுவும் இருக்கக்கூடாது. டேங்குகளில் பாதி நிறைந்த தண்ணீர் இப்படியும் அப்படியும் ஓடக்கூடாது. ஒன்று முழுதாக நிரப்பியிருக்க வேண்டும், இல்லை காலியாக இருக்க வேண்டும். கீல் படிந்ததும் பம்பை நிறுத்தி, டைவர்களை இறக்கி, கப்பல் கட்டைமேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். அவர்கள் மேலே வந்து கையைக் காட்டிய பிறகுதான் மிச்சத் தண்ணீர் வெளியே போகும். அந்த அரைமணி நேரம் நான் யாரோடும் பேச்சுக் கொடுத்ததே இல்லை.

கேள்வி: கப்பல் டாக்கில் இருக்கும் நாட்களில் என் கணவர் போனில் சரியாகவே பேசுவதில்லை. நின்றுகொண்டிருக்கும் கப்பலில் என்ன அவ்வளவு வேலை? (கப்பல் என்ஜினியர் ஒருவரின் மனைவி)

சகோதரி, அவர்மீது வருத்தம் வேண்டாம். கடலில் ஓடும் கப்பலில் ஓர் ஒழுங்கு இருக்கும். டாக்கில் அதெல்லாம் கலைந்துவிடும். ஜெனரேட்டரைக் குளிர்விக்கக் கடல்நீர் இல்லாததால் மின்சாரம் கரையிலிருந்து கேபிளில் வரும். அது வரும்வரை இருட்டு, புழுக்கம். கழிவுநீர் டாக் தரையில் விழும் என்பதால் கப்பலின் கழிப்பறைகளைப் பூட்டிவிடுவார்கள். இரவு பகலாகத் தகட்டைச் சுரண்டும் சத்தம் கேட்கும். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

அதற்கெல்லாம் மேலே தீ பயம். கப்பலின் தீயணைப்புப் பம்ப் கடலிலிருந்துதான் தண்ணீர் எடுக்கும். டாக்கில் கடல் இல்லை. அதனால் கப்பல் உட்கார்ந்ததும் கரையிலிருந்து ஹோஸ் இழுத்துக் கப்பலின் தீயணைப்புக் குழாயில் மாட்டுவதுதான் முதல் வேலைகளில் ஒன்று. தகட்டின் இந்தப் பக்கம் ஒருவர் வெல்டிங் செய்வார். தீப்பிடிப்பது அந்தப் பக்கம், அவர் கண்ணுக்குத் தெரியாத அறையில். அங்கே தண்ணீரோடு ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும். அந்த ஆள் டீ குடிக்கப் போனால் வெல்டிங் நிற்க வேண்டும். அப்புறம் டேங்குக்குள் இறங்குவது. மூடியே கிடந்த டேங்கில் துரு பிடிக்கப் பிடிக்க, உள்ளே இருக்கும் காற்றின் ஆக்சிஜனை அந்தத் துருவே தின்றுவிடும். வாடை எதுவும் வராது. இறங்கியவர் இரண்டு படியில் மயங்கி விழுவார், காப்பாற்ற ஓடி இறங்குகிறவரும் விழுவார். அதனால் கருவி வைத்து அளந்து, ஆக்சிஜன் வெளிக்காற்றில் உள்ள அதே 20.9 சதவீதம் வந்த பிறகுதான் யாரையும் இறங்க விடுவோம். உங்கள் கணவர் இதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருப்பார். போனில் அவர் குரல் வேறு மாதிரி இருந்தால் அதுதான் காரணம்.

கேள்வி: எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை டாக்? டைவரை அனுப்பிப் பார்த்தால் போதாதா? (பொறியியல் மாணவி)

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற உலக ஒப்பந்தப்படி சரக்குக் கப்பலின் அடியை 5 ஆண்டுக்குள் குறைந்தது 2 முறை பார்க்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே 36 மாதத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. பயணிகள் கப்பலுக்கு ஆண்டுதோறும். நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒருமுறை தண்ணீருக்குள்ளேயே கேமராவோடு பார்ப்பதை ஒத்துக்கொள்வார்கள். ஆனால் டைவரால் கடல்வால்வுகளை, அதாவது கடல்நீர் வந்துபோகும் வழியில் இருக்கும் வால்வுகளை, பிரித்துப் போட முடியாது, அடி முழுக்கப் பெயிண்ட் அடிக்கவும் முடியாது. வயதான கப்பல் என்றால் டாக்கில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: கப்பலின் அடி ஏன் பெரும்பாலும் சிவப்பு? பெயிண்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்? (ஓவிய ஆசிரியர்)

பாசியும் கொட்டலசும் (கப்பலடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டாமலிருக்க அந்தப் பெயிண்டில் செம்பின் ஆக்சைடு கலக்கிறார்கள். அதன் நிறமே செங்கல் சிவப்பு. வேறு நிறத்திலும் கிடைக்கிறது, ஆனாலும் பழக்கம் நிலைத்துவிட்டது.

கொட்டலசு ஏறிய அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு மெனக்கெடல் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் சுண்ணாம்பில் செய்த சின்ன எரிமலை மாதிரி இருக்கும், கையைக் கிழித்துவிடும். அப்படி ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டால் அதே வேகத்தில் போகக் கப்பல் எவ்வளவோ கூடுதலாக எண்ணெய் எரிக்க வேண்டும். தண்ணீர் வடிந்தவுடனே, ஈரம் காய்வதற்குள் உயரழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவ ஆரம்பித்துவிடுவோம். காய்ந்தால் சிமென்ட் மாதிரி ஆகிவிடும். அப்புறம் துரு இருக்கும் இடங்களை மணல்போன்ற துகள் வீசிச் சுத்தம் செய்வோம். அடுத்து துருத்தடுப்புப் பூச்சு, அதற்கும் மேலே பாசித்தடுப்புப் பூச்சு. காற்றில் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்கக்கூடாது. தகட்டின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் அடித்தால் ஆறே மாதத்தில் அது தோல் உரிவது போல உரியும். கட்டை பட்ட இடங்களில் மட்டும் பெயிண்ட் அடிக்க முடியாது. அதனால் அடுத்த முறை கட்டைகளை வேறு இடத்துக்கு நகர்த்தி அடுக்குவோம். இந்த முறை எந்த வரிசை என்று எழுதி வைக்காத கப்பல்களில் ஒரே இடம் பத்து ஆண்டு பெயிண்ட் இல்லாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். தகடு அங்கே குழி குழியாக இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்டைக் கொண்டாடினோம். அடி பளிங்கு மாதிரி இருக்கும். அதே டிபிடி பிரான்சின் அர்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓட்டைத் தடிக்க வைத்து வளர்ப்பையே கெடுத்தது. சில கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு வளர வைத்தது. 2001-இல் உலகளவில் தடை ஒப்பந்தம் போட்டார்கள், 2008 செப்டம்பரில் அது அமலுக்கு வந்தது. நாங்கள் கழுவித் தள்ளிய அந்தச் சகதி எங்கே போனது என்று எனக்கு இன்றைக்கும் நினைவு வரும்.

கேள்வி: உலகின் முதல் டாக் எது? (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்)

நான்காம் தாலமி ஆண்ட எகிப்தில், ஒரு பினீசியர் கப்பல் நீளத்துக்குப் பள்ளம் தோண்டி, குறுக்கே மரங்கள் போட்டு, கடலை உள்ளே விட்டுக் கப்பலைக் கொண்டுவந்து, வாயை அடைத்துத் தண்ணீரை இறைத்தார் என்று பழைய கிரேக்கக் குறிப்பு இருக்கிறது. சீனாவில் 11-ஆம் நூற்றாண்டில் அரசரின் டிராகன் படகுக்கும் இதே வழியில் பழுது பார்த்தார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் 1495-இல் கட்டினார்கள். அதே ஊரில் விக்டரி என்ற பழைய போர்க்கப்பல் 1922-இலிருந்து டாக்கிலேயே நிற்கிறது. தண்ணீரின் தாங்கல் இல்லாமல் அவ்வளவு காலம் நின்றதில் அதன் உடல் தன் எடையிலேயே தொய்ந்துவிட்டது. இப்போது 134 தாங்குகால்கள் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் தன்மேல் ஏறும் எடையைக் காட்டும்.

கேள்வி: கப்பலில் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, சேர்ந்திருக்கிறேன். என் முதல் டாக் இந்த ஆண்டு. எதைக் கவனிக்க வேண்டும்? (இளம் வாசகர்)

நங்கூரச் சங்கிலியை டாக் தரையில் நீளமாக விரிப்பார்கள். போய் ஒவ்வொரு கண்ணியையும் சுத்தியலால் தட்டிக் கேள். நல்ல கண்ணி கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது சொத்தென்று சொல்லும். சராசரி விட்டம் 12 சதவீதம் தேய்ந்திருந்தால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும்.

அடுத்தது பிளக். ஒவ்வொரு டேங்கின் அடியிலும் ஒரு அடைப்புத் திருகு உண்டு, தண்ணீரை வடிக்க டாக்கில் அதைக் கழற்றுவோம். கழற்றிய ஒவ்வொன்றிலும் டேங்கின் பெயரைக் கட்டி, ஒரு சாக்குப் பையில் போட்டு, சீஃப் ஆபீசரிடம் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவோம். அந்தப் பை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும். திரும்பப் போடும்போது கூடவே போய்க் கண்ணால் பார், மேலே சிமென்ட் பூசுவதற்கு முன்பே பார்.

கடைசியாக டேங்கின் கணக்கு. உள்ளே வந்தபோது எந்த டேங்கில் எவ்வளவு இருந்ததோ, வெளியே போகும்போதும் அதே அளவு இருக்க வேண்டும். மாறியிருந்தால் மாறியது எவ்வளவு என்று டாக் மாஸ்டருக்குத் தெரிய வேண்டும். நான் பதவிக்கு வந்த மூன்றாம் ஆண்டு ஒரு சின்ன சரக்குக் கப்பல். அளவுகள் எல்லாம் பழையபடியே என்று எழுதிய தாளை என்னிடம் கொடுத்தார்கள். நான் நம்பிக் கையெழுத்துப் போட்டுத் தண்ணீரை விட்டேன். கட்டையிலிருந்து எழும்புகிற நேரத்தில் கப்பல் வலது பக்கமாக மூன்று டிகிரி சாய்ந்தது. ஒரு பக்கக் கட்டையின் உச்சி மரம் பிய்த்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே வந்து மிதந்தது. தண்ணீரை நிறுத்தி, பம்பைப் போட்டு, திரும்ப உட்கார வைத்தோம். வலது பக்க டேங்க் ஒன்றைக் கசிவு சோதிக்க நிரப்பியிருக்கிறார்கள், வடிக்க மறந்துவிட்டார்கள். 60 டன். தாளை எழுதியவர் டேங்கைப் பார்க்காமல், வந்த நாளின் தாளைப் பார்த்து எழுதியிருந்தார். யாருக்கும் அடிபடவில்லை, தகட்டில் ஒரு நெளிவோடு போயிற்று.

அன்றிலிருந்து ஓய்வுபெறும்வரை, தண்ணீர் விடுவதற்கு முந்தைய இரவு, பித்தளைக் குண்டு கட்டிய அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஒரு கேடட்டோடு டெக்கில் ஏறி ஒவ்வொரு சவுண்டிங் பைப்பிலும் (டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க டெக்கிலிருந்து இறங்கும் குழாய்) நானே விட்டுப் பார்ப்பேன். குண்டு அடியைத் தொட்டால் டிங் என்று நாடா வழியாகக் கையில் தெரியும். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் படிப்போம், கேடட் எழுதிக்கொள்வார். உன் டாக்கில் யாராவது அப்படி நாடாவோடு வந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு கூடவே போ.