மிதவை சொன்னால் போதும், நிறுத்துவது கன்ட்ரோலரின் வேலை

கேள்வி: கிணற்றில் சோலார் டிசி நீர்மூழ்கி மோட்டார் ஓடுகிறது. 3 பேனல்கள், தொடர் இணைப்பு. தொட்டி 250 மீட்டர் தள்ளி மேட்டில் இருக்கிறது. தொட்டி நிறைந்ததும் மோட்டார் நிற்க, ‘10 ஆம்பியர், 250 வோல்ட்’ என்று அச்சிட்ட மிதவை சுவிட்சைப் பேனல் ஒயரில் கோத்தேன். இரண்டே வாரத்தில் உள்ளே கருகி ஒட்டிக்கொண்டது. இன்னும் அதிக ஆம்பியரில் வாங்கட்டுமா? கிணறு வற்றினாலும் மோட்டார் நிற்க, அங்கும் ஒன்று வேண்டும்.

பதில்: வாங்க வேண்டாம். அச்சிட்ட அளவை மறுபடி பாருங்கள். 250-க்குப் பக்கத்தில் ஏசி என்றிருக்கும். ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறையாவது பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும். தொடுமுனைகள் பிரியும்போது எழும் பொறி அந்த இடத்திலேயே அணைந்துவிடும். டிசிக்கு அந்த இடைவெளி கிடையாது. 3 பேனல்கள் சேர்ந்தால் 100 வோல்ட்டைத் தாண்டும்; பொறி இழுத்துக்கொண்டே எரிந்து முனைகளை உருக்கி ஒட்டிவிடும். ஒட்டிய சுவிட்ச் எப்போதும் ‘ஓடு’ என்றுதான் சொல்லும், தொட்டி வழிந்தாலும். போதாததற்கு, பேனல் ஒயரை மேடு வரை கொண்டுபோய்த் திருப்பியதில் மின்னழுத்தமும் வழியிலேயே கொஞ்சம் வீணாகியிருக்கும்.

பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்து மோட்டாரை இயக்கும் பெட்டிதான் கன்ட்ரோலர். அதைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான சோலார் கன்ட்ரோலர்களில் தொட்டிக்கு ஒரு ஜோடி, கிணற்றுக்கு ஒரு ஜோடி எனச் சிறிய இணைப்பு முனைகள் இருக்கும். அதில் ஓடுவது சில மில்லி ஆம்பியர் சைகைதான். மிதவையை அங்கே இணைத்தால் பொறிக்கே வேலையில்லை. 250 மீட்டரும் பிரச்சினையில்லை: 0.75 சதுர மி.மீ. செம்பு ஒயரில் போய்வரும் மின்தடை சுமார் 12 ஓம், சைகைக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அப்படி முனைகளே இல்லாத கன்ட்ரோலர் என்றால், பேனல்களின் முழு டிசி மின்னழுத்தத்தையும் தாங்கும் கான்டாக்டர் (காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றைப் பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் வைத்து, அதன் சுருளை மட்டும் மிதவையால் இயக்குங்கள். கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் நடுவில் எதையும் துண்டிக்கக் கூடாது, கன்ட்ரோலரே போய்விடலாம்.

இனி எந்த மிதவை? தொட்டிக்கு, கேபிளில் தொங்கும் மூன்று ஒயர் மிதவை. நீர் ஏறும்போது சேர்வது, பிரிவது இரண்டும் அதில் கிடைக்கும். சில கன்ட்ரோலர்கள் முனைகள் சேர்ந்தால் நிறுத்தும், சில பிரிந்தால். தேர்வு உங்கள் கையில் என்றால் ‘பிரிந்தால் நிறுத்து’ என்பதையே எடுங்கள். எலி ஒயரைக் கடித்தால் மோட்டார் நிற்கும். தண்ணீர் வராது, அவ்வளவுதான். மற்ற முறையில் அதே எலி தொட்டியை வழியவிட்டுவிடும். பாதரசம் உள்ள மிதவை குடிநீரில் வேண்டவே வேண்டாம்.

மிதவை தொங்கும் நீளத்தைப் பலர் கவனிப்பதில்லை. கேபிளில் மாட்டும் எடைக்கட்டிக்கும் மிதவைக்கும் நடுவிலுள்ள கேபிள் குட்டையாக இருந்தால், சிற்றலைக்கே மோட்டார் நின்று நின்று ஓடும். நீளமாக விட்டால் நிற்கும் மட்டத்துக்கும் மீண்டும் ஓடும் மட்டத்துக்கும் இடைவெளி கூடும். தொட்டிச் சுவரில் இடிக்காத அளவுக்கு விடுங்கள்.

கிணறு அகலமான திறந்த கிணறு என்றால் அதே வகை மிதவை போதும், மோட்டாரின் உறிஞ்சுமுனைக்கு நன்றாக மேலே. குழாயிலும் கயிற்றிலும் சிக்காத பக்கமாகக் கட்டுங்கள். ஆழ்துளைக் கிணற்றில் மிதவை ஆட இடமிருக்காது. அங்கே கன்ட்ரோலருக்குரிய மின்முனை உணரிதான் (தண்ணீர் தொடுகிறதா என்று மின்முனையால் அறியும் கருவி) சரி. இதைத் தள்ளிப்போடாதீர்கள். ரப்பர் உறைக்குள் திருகு சுழலும் வகை பம்பு தண்ணீரில்லாமல் ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே ரப்பர் கருகிவிடும்.

இணைக்கும் முன், ஒயர் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை வைத்து, மிதவையைக் கையால் தூக்கியும் தொங்கவிட்டும் எது எப்போது சேர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறங்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.